வன்னிக் கிணறுகளில் மருந்தெதிர்ப்பு ஈ.கோலை: நீர் அள்ளுவதிலிருந்து மரபணு ஒப்பீடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வட இலங்கையின் வன்னியில் ஒரு வளவுக்குள் நுழைந்தால் கட்டுக்கிணறு, மலசலகூடக் குழி, கோழிக்கூடு, மாட்டுப்பட்டி எல்லாமே கூப்பிடு தூரத்தில் இருக்கும். மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறி வரும்போது இவற்றுக்கு இடையில் இருப்பது சில அடி மண் மட்டுமே. அந்தக் கிணற்றில் செஃபொடாக்சிம் போன்ற மூன்றாம் தலைமுறை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கும் சாகாத ஈ.கோலை என்ற குடல் பற்றீரியா கிடைத்தால், அது மனிதக் குடலிலிருந்து வந்ததா, கோழியிலிருந்தா, மாட்டிலிருந்தா? மூலக்கூற்று நோய்ப்பரவலியல் பதில் தேடும் கேள்வி இதுதான்.

எத்தனையோ கிருமிகள் இருக்க ஈ.கோலையைத் தெரிவு செய்வதற்குக் காரணம் உண்டு. அது மனிதரிலும் விலங்கிலும் நீரிலும் கிடைக்கும், மலிவாக வளர்க்கலாம், எதிர்ப்பு மரபணுக்களைப் பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ வளையத்தில் ஏற்றி மற்றப் பற்றீரியாக்களுக்கும் கொடுக்கும். இத்தகைய மருந்துகளைச் சிதைக்கும் ஈ.எஸ்.பி.எல் எனப்படும் நொதியை உண்டாக்கும் ஈ.கோலையை மூன்று துறைகளிலும் ஒரே அளவுகோலால் கண்காணிப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் ‘டிரைசைக்கிள்’ என்ற நடைமுறையை வெளியிட்டது. இங்கே சொல்லப்படுவது அதே தத்துவம், கிணற்றுக்கும் வளவுக்கும் ஏற்றபடி. அடிப்படை நுண்ணுயிரியல் பயிற்சி உள்ள பட்டதாரி மாணவரையும் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளரையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பலர் முழு மரபணு வரிசைப்படுத்தலில் இருந்து திட்டத்தை யோசிக்கத் தொடங்குகிறார்கள். வரிசைப்படுத்தலைக் காசு கொடுத்து வெளியில் செய்விக்கலாம். கிணற்றடியில் எழுதாமல் விட்ட குறிப்பையும் வளர்ப்புத் தட்டில் கலந்துபோன பற்றீரியாக் கொலனியையும் எந்தக் காசு கொடுத்தும் மீட்க முடியாது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் வயலும் தட்டும்.

1. கேள்வியையும் எண்ணிக்கையையும் இறுக்குதல்

‘கிணறுகளில் எதிர்ப்பு இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்று விடை வரும், அத்தோடு சரி. ‘மலசலகூடக் குழிக்குக் கிட்ட உள்ள கிணறுகளில் கூடுதலாக இருக்கிறதா’, ‘மாரியில் கூடுகிறதா’, ‘வளவுக் கோழியிலும் கிணற்றிலும் இருப்பது ஒரே வகையா’ என்பவை ஆய்வுக் கேள்விகள்.

விகிதத்தை மதிப்பிடுவதற்கான சூத்திரம் எளிது: 1.96இன் வர்க்கத்தை எதிர்பார்க்கும் விகிதத்தாலும், ஒன்றிலிருந்து அந்த விகிதத்தைக் கழித்தால் வருவதாலும் பெருக்கி, அனுமதிக்கும் பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். முன்தரவு இல்லாதபோது விகிதம் 0.5, பிழை 0.1 என்று எடுத்தால் 97 கிணறு வரும். ஆனால் ஒரே கிராமத்துக் கிணறுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அதற்காக 1.5ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 145. இந்த எண்ணை ஒரே பிரதேசச் செயலகப் பிரிவில் முடிப்பதை விட, மண் மாறும் இடங்களில் பிரிப்பது நல்லது. வவுனியாப் பக்கம் கடும்பாறை, முருங்கன் பக்கம் சுண்ணாம்புக்கல், பூநகரியில் மணல். மணலிலும் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லிலும் மலக்கழிவு ஓடும் வேகம் களிமண்ணில் ஓடும் வேகம் அல்ல. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த வேறுபாடு மறைந்துவிடும்.

ஒரே கிணற்றிலிருந்து இரண்டு தடவை எடுங்கள்: கோடையில் சிறுபோகம் முடியும் காலத்தில் ஒன்று, வடகீழ்ப் பருவமழை நன்றாக இறங்கிய கார்த்திகை, மார்கழியில் ஒன்று. கோடையில் ஒரு கிணறு, மாரியில் வேறு கிணறு என்று எடுத்துவிட்டுப் பருவத்தை ஒப்பிடுவது பயனற்றது.

2. அனுமதிகள்

மனித மாதிரி எடுப்பதானால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். வடக்கில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அப்படி ஒரு குழு இயங்குகிறது. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் அந்தந்தச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் கடிதம் கொடுங்கள். கோழி, மாடு என்றால் அரச கால்நடை வைத்திய அதிகாரிக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் விதானையாரும் கூட வந்தால் படலை திறக்கும், ஆனால் அதிகாரி நிற்கும்போது ‘இல்லை’ என்று சொல்ல ஆட்கள் கூச்சப்படுவார்கள். அறிமுகம் முடிந்ததும் அவர்கள் சற்று விலகி நிற்பதே சம்மதத்துக்கு மரியாதை.

சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டுவதோடு நிற்காமல் பேச்சில் சொல்லுங்கள்: ‘அம்மா, உங்கட கிணத்துத் தண்ணியில மருந்துக்குக் கேக்காத கிருமி இருக்கோ எண்டு பாக்கப் போறம். முடிவை உங்களுக்கு வந்து சொல்லுவம். வேண்டாமெண்டா விடலாம், அதால உங்கட கிளினிக்குக்கோ நிவாரணத்துக்கோ ஒண்டும் வராது.’ கடைசி வசனம் முக்கியம். படிவத்தோடு வருபவர் யாராக இருந்தாலும் உதவித்திட்டத்தோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இங்கே இருக்கிறது.

3. ஊடகமும் மருந்தும்

வளர்ப்பு ஊடகமாக நீருக்கு ஈ.கோலையை நிறத்தால் காட்டும் ரி.பி.எக்ஸ் ஏகார், மலத்துக்கும் கோழி எச்சத்துக்கும் மக்கொன்கி ஏகார். ஒவ்வொன்றிலும் இரண்டு வகைத் தட்டு: மருந்து இல்லாதது, லீற்றருக்கு 4 மில்லிகிராம் செஃபொடாக்சிம் சேர்த்தது. முதலாவது மொத்த ஈ.கோலையைத் தரும், இரண்டாவது எதிர்ப்புள்ளதை. இரண்டும் இல்லாமல் விகிதம் இல்லை.

தரப்படுத்திய செஃபொடாக்சிம் தூள் கிடைத்தால் அதையே பாவியுங்கள், பொட்டலத்தில் உள்ள வீரிய வீதத்துக்கு ஏற்ப நிறையைத் திருத்தி. கிடைக்காவிட்டால் எதிர்ப்புள்ளதைத் தெரிந்தெடுக்கும் இந்தத் தட்டுக்கு மட்டும் 1 கிராம் ஊசி மருந்துக் குப்பி போதும்: 10 மில்லிலீற்றர் கிருமியற்ற நீரில் கரைத்தால் மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம், அதில் 1 மில்லிலீற்றருக்கு 24 மில்லிலீற்றர் நீர் சேர்த்தால் மில்லிலீற்றருக்கு 4 மில்லிகிராம். இந்தக் கரைசலில் 1 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் ஏகாருக்கு விட்டால் சரியான அளவு. சிறு குழாய்களில் பிரித்து மறை 20 பாகையில் வையுங்கள். உருகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

ஒட்டோகிளேவில் 121 பாகை, 15 நிமிடம். பிறகு நீர்த்தொட்டியில் 45 முதல் 50 பாகைக்கு இறக்கிய பின்பே மருந்து சேர்க்க வேண்டும். சூடாகச் சேர்த்தால் மருந்து சிதையும், எதிர்ப்பில்லாத பற்றீரியாவும் தட்டில் முளைத்து எண்ணிக்கை பொய்யாக ஏறும். மெத்தப் பிந்தினால் ஏகார் கட்டிபடும். ஊற்றிய தட்டுகள் 4 பாகையில், இருட்டில், பொலித்தீன் சுற்றி இருக்கட்டும். ஒரு கிழமைக்குத் தேவையானதை மட்டும் செய்வது புத்தி.

ஒவ்வொரு தொகுதித் தட்டையும் சோதிக்க இரண்டு கட்டுப்பாட்டு இனங்கள் வேண்டும் (ஏ.ரி.சி.சி, என்.சி.ரி.சி என்பவை தரப்படுத்திய இனங்களின் சேமிப்பகங்கள்). ஏ.ரி.சி.சி 25922 ஈ.கோலை வெறும் தட்டில் வளர வேண்டும், மருந்துத் தட்டில் வளரக் கூடாது. நேர்க்கட்டுப்பாட்டுக்கு ஈ.எஸ்.பி.எல் வகையான சி.ரி.எக்ஸ்.-எம்-15 நொதி உள்ள என்.சி.ரி.சி 13353 ஈ.கோலை. பலரும் கையில் வைத்திருக்கும் கிளெப்சியெல்லா ஏ.ரி.சி.சி 700603ஐ இந்தத் தட்டுக்கு நம்ப வேண்டாம். அதன் செஃபொடாக்சிம் எதிர்ப்பு 4 மில்லிகிராமைச் சுற்றியே இருப்பதால் ஒரு நாள் வளரும், ஒரு நாள் வளராது. அது பின்னால் வரும், ஈ.எஸ்.பி.எல்லை அடக்கும் கிளவுலானேற் சேர்த்த வில்லைச் சோதனைக்கு உரியது.

4. வயலில்

ஒவ்வொரு மாதிரிக்கும் கிருமியழித்த 500 மில்லிலீற்றர் போத்தல். கிணற்றுக்குக் குளோரின் போட்டிருக்கலாம் என்பதால், போத்தலைக் கிருமியழிக்கும் முன்பே 10 சதவீத சோடியம் தயோசல்பேற் கரைசலை 100 மில்லிலீற்றர் மாதிரிக்கு 0.1 மில்லிலீற்றர் கணக்கில் விட்டுவையுங்கள், 500க்கு 0.5 மில்லிலீற்றர். இதை மறந்தால் போத்தலுக்குள்ளேயே குளோரின் வேலை செய்துகொண்டிருக்கும். ஆய்வுகூடம் வந்து சேரும்போது கிணறு உண்மையில் இருந்ததை விடச் சுத்தமாகத் தெரியும். வெள்ளத்துக்குப் பிறகு சுகாதாரப் பகுதியினர் கிணறுகளுக்குக் குளோரின் இடும் மாதங்களில் இந்தப் பிழை ஆய்வையே கவிழ்க்கும்.

வீட்டார் அள்ளும் வாளியால் எடுப்பதா, எங்கள் போத்தலை இறக்குவதா என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. குடிக்கும் நீரின் நிலை வேண்டுமென்றால் அவர்களுடைய வாளி. நிலத்தடி நீரின் நிலை வேண்டுமென்றால், நிறையும் கயிறும் கட்டிய கிருமியற்ற போத்தல், நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே. வாளியின் கயிறு முற்றத்து மண்ணில் கிடந்து வரும் என்பதை நினைவில் வைத்திருங்கள். மின்பம்பியும் குழாய்க்கிணறும் என்றால் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு எடுக்கலாம். எதுவானாலும் ஆய்வு முழுக்க ஒரே முறை. போத்தலை முட்ட நிரப்ப வேண்டாம், குலுக்க இடம் விடுங்கள்.

குறிப்புத்தாளில் கட்டாயம் இருக்க வேண்டியவை: கைத்தொலைபேசியில் எடுத்த அமைவிடம், மலசலகூடக் குழிக்கு நாடாவால் அளந்த தூரமும் அது கிணற்றை விட மேட்டிலா பள்ளத்திலா என்பதும், கட்டு, மேற்தளம், மூடி உண்டா, நீர்மட்ட ஆழம், கடைசியாகக் குளோரின் போட்ட நாள், கடந்த 48 மணித்தியாலத்தில் மழை, கோழி, மாடு எத்தனை, கோழித்தீனில் அல்லது நீரில் மருந்து கலந்தார்களா, கடந்த மூன்று மாதத்தில் வீட்டில் யார் நுண்ணுயிர்க்கொல்லி குடித்தார்கள், கடந்த ஒரு வருடத்தில் வைத்தியசாலையில் தங்கியவர் உண்டா. மருந்தின் பெயரை வாயால் கேட்டால் ‘தடிமனுக்குத் தந்த குளிசை’ என்றுதான் பதில் வரும். கிளினிக் கொப்பியையும் மிச்சக் குளிசை அட்டையையும் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். இன்னொரு கேள்வியும் தேவை: இந்தக் கிணற்று நீரைக் குடிக்கிறார்களா, குளிக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டுமா? சிறுநீரக நோய்ப் பயத்தால் சுத்திகரித்த நீரைக் காசுக்கு வாங்கிக் குடிக்கும் வீடுகள் வவுனியாப் பக்கம் இருக்கின்றன.

கோழி எச்சம் காலையில், கூடு திறக்கும் முன் எடுப்பது நல்லது. சுத்தமான கடதாசியை முதல்நாள் பின்னேரம் விரித்துவைத்து, ஐந்து புதிய எச்சங்களின் மேற்பகுதியை மட்டும் ஒரு குழாயில் சேர்க்கலாம். மண்ணில் தொட்ட பகுதி வந்தால் கோழியைச் சோதிக்கிறீர்களா முற்றத்தைச் சோதிக்கிறீர்களா என்று சொல்ல முடியாது. மனித மலம் ஒரு கடலை அளவு போதும். அன்றே கொண்டுபோக முடியாவிட்டால் கேரி-பிளேயர் என்ற கொண்டுசெல்லும் ஊடகக் குழாயில்.

எல்லாம் றெஜிபோம் பெட்டியில், ஐஸ் கட்டி போத்தலைத் தொடாதபடி இடையில் துணி வைத்து, 10 பாகைக்குக் கீழே. உறையவும் கூடாது. எட்டு மணித்தியாலத்துக்குள் வடிகட்டுவது இலக்கு, 24 மணித்தியாலம் எல்லை. ஆகவே பாதையைத் தூரத்திலிருந்து கிட்டவாகப் போடுங்கள். வவுனியாவில் ஆய்வுகூடம் என்றால் முல்லைத்தீவுக் கரையில் விடியத் தொடங்கி, ஏ34 வழியாக ஒட்டுசுட்டான், மாங்குளம், பிறகு ஏ9. மீள்குடியேறாத வளவுகளில் உள்ள கைவிடப்பட்ட கிணறுகளுக்குப் பற்றைக்குள் இறங்கிப் போக வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பகுதிகள் இன்னும் இருக்கின்றன. ஒரு மாதிரி குறைந்தால் பட்டியலில் அடுத்த கிணறு.

5. வடிகட்டலும் எண்ணலும்

47 மில்லிமீற்றர் விட்டமும் 0.45 மைக்றோமீற்றர் துளையும் உள்ள சவ்வு. வெறும் தட்டுக்கு 100, 10, 1 மில்லிலீற்றர் என மூன்று அளவு, மருந்துத் தட்டுக்கு 100 மில்லிலீற்றர். 10 மில்லிலீற்றரும் அதற்குக் குறைந்த அளவும் வடிகட்டும்போது புனலில் முதலில் 20 மில்லிலீற்றர் கிருமியற்ற உப்புக்கரைசல் விட்டு அதில் மாதிரியைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கொலனி எல்லாம் சவ்வின் ஒரு மூலையில் குவியும். மாரியில் கலங்கிய கிணறும் குளத்து நீரும் சவ்வை அடைத்துவிடும். அப்போது 100 மில்லிலீற்றரை நான்கு சவ்வுகளில் 25 வீதம் பிரித்துக் கூட்டுங்கள். வடிகட்டலின் தொடக்கத்திலும் முடிவிலும் கிருமியற்ற நீரை வடித்து ஒரு வெற்றுச் சவ்வு வையுங்கள். முடிவில் வைத்ததில் ஒரு நீலக் கொலனி வந்தாலும் அன்றைய முடிவுகள் சந்தேகத்துக்குரியவை.

சவ்வைத் தட்டின் ஏகாரில் பதித்து இன்கியூபேற்றரில் 18 முதல் 24 மணித்தியாலம். 44 பாகையில் வைத்தால் பின்னணிப் பற்றீரியா அடங்கும், ஆனால் குளோரினாலும் வெயிலாலும் நலிந்த ஈ.கோலை எழும்பாமல் போகலாம். 37இல் வைத்தால் மறுவளம். கிணற்று ஆய்வுக்கு 37ஐயே விரும்புகிறோம். எதை எடுத்தாலும் நடுவில் மாற்றாதீர்கள். வன்னியில் இன்னொரு தொல்லை: சாதாரண இன்கியூபேற்றர் சூடாக்கும், குளிராக்காது. அறை 36 பாகையில் எரியும்போது அதை 35க்கு வைத்தால் உள்ளே 38, 39 ஓடும், முன்பக்கத்து இலக்கத்தை நம்ப முடியாது. அறையைக் குளிரூட்டி, உள்ளே உச்ச-இழிவு வெப்பமானி ஒன்றைப் போட்டு, காலையில் அதைக் குறியுங்கள். இரவில் மின்வெட்டு நடந்ததும் அதில் தெரியும்.

ரி.பி.எக்ஸில் ஈ.கோலை நீலப்பச்சையாக வரும். ஒரு சவ்வில் நூறுக்கு மேல் இருந்தால் எண்ணாமல் குறைந்த அளவின் சவ்வுக்குப் போங்கள். உதாரணக் கணக்கு: வெறும் தட்டில் 100 மில்லிலீற்றருக்கு 84, மருந்துத் தட்டில் 7 என்றால் எதிர்ப்புப் பங்கு 8.3 சதவீதம். ஒன்றும் வராவிட்டால் ‘0’ என்று எழுதாமல் ‘100 மில்லிலீற்றருக்கு 1ஐ விடக் குறைவு’ என்று எழுதுங்கள். குடிநீரில் 100 மில்லிலீற்றரில் ஒரு ஈ.கோலையும் இருக்கக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டல்.

6. கொலனி எடுப்பதும் உறுதிப்படுத்துவதும்

மருந்துத் தட்டிலிருந்து மூன்று கொலனிகளாவது, தோற்றம் வேறுபட்டால் ஒவ்வொரு தோற்றத்திலும் ஒன்று. ஒரே ஒன்றை எடுத்தால் கிணற்றில் இருக்கும் இரண்டாவது வகை உங்களுக்கு இல்லாத ஒன்றாகிவிடும், பிறகு ‘கோழியும் கிணறும் பொருந்தவில்லை’ என்று தவறாக முடிப்பீர்கள். எடுத்ததை மருந்துள்ள மக்கொன்கியில் தனிக்கொலனி வரும்படி கோடிழுத்து, ஒரு முறைக்கு இரண்டு முறை தூய்மைப்படுத்துங்கள். மருந்தில்லாத ஏகாரில் திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்தால் பிளாஸ்மிட்டைப் பற்றீரியா உதறிவிடக் கூடும். தூய்மையானதை இன்டோல் சோதனைக்கு மருந்தில்லாத திரிப்ரோன் நீரில் வளர்த்து கோவாக்ஸ் வினைபொருள் விடுங்கள். சிவப்பு வளையம் வந்தால் ஈ.கோலையாகக் கொள்ளலாம்.

அடுத்து, மருந்து ஊறிய கடதாசி வில்லைகளைச் சுற்றி வளர்ச்சி தடைப்படும் வளையத்தை அளக்கும் வில்லைச் சோதனை. முல்லர்-ஹின்டன் ஏகாரின் தடிப்பு 4 மில்லிமீற்றர். 90 மில்லிமீற்றர் தட்டுக்கு ஏறத்தாழ 25 மில்லிலீற்றர், மட்டப்பலகை வைத்துச் சமன்செய்த மேசையில். மெல்லிதானால் வளையம் பெருக்கும், தடித்தால் சுருங்கும். 0.5 மக்ஃபர்லண்ட் அளவில் (பற்றீரியா அடர்த்தியின் கலங்கல் அளவுகோல்) கலங்கலைச் செய்த 15 நிமிடத்துக்குள் பூச வேண்டும். கூடுதல் அடர்த்தியும் வளையத்தைச் சுருக்கிப் பொய் எதிர்ப்பைக் காட்டும். வில்லைகள் நான்கு: செஃபொடாக்சிம் 30 மைக்றோகிராம், செஃபொடாக்சிம்-கிளவுலானேற் 30/10, செஃப்டசிடிம் 30, செஃப்டசிடிம்-கிளவுலானேற் 30/10. மையத்துக்கு மையம் 24 மில்லிமீற்றர் இடைவெளி. 35 பாகை, 16 முதல் 18 மணித்தியாலம்.

இரண்டு மருந்தில் ஏதாவது ஒன்றில் கிளவுலானேற் சேர்ந்த வில்லையின் வளையம் தனி வில்லையினதை விட 5 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் பெருத்தால் ஈ.எஸ்.பி.எல். 14 மில்லிமீற்றர் 25 ஆனால் வித்தியாசம் 11, தெளிவான நேர்முடிவு. ஆனால் மருந்துத் தட்டில் வளர்ந்தும் வித்தியாசம் காட்டாதது வந்தால் எறிந்துவிடாதீர்கள். இதே மருந்துகளைச் சிதைக்கும் இன்னொரு நொதியான ஏ.எம்.பி.-சி கிளவுலானேற்றுக்கு அடங்காது. செஃபொக்சிற்றின் 30 மைக்றோகிராம் வில்லைக்கு எதிர்ப்புக் காட்டினால் அதைச் சந்தேகியுங்கள். மெரோபெனெம் 10 மைக்றோகிராம் வில்லையும் வைப்பது நல்லது. மெரோபெனெம் சேர்ந்த, கடைசி நிலையில் கொடுக்கும் கார்பபெனெம் மருந்துகளுக்கு எதிர்ப்பு ஒன்று கிணற்றில் கிடைத்தால் அது வேறு விதமான செய்தி.

இங்கே அடிக்கடி நடக்கும் குழறுபடி ஒன்று: அமெரிக்க முறையான சி.எல்.எஸ்.ஐ செஃபொடாக்சிமுக்கு 30 மைக்றோகிராம் வில்லை பாவிக்கிறது, ஐரோப்பிய முறையான யூகாஸ்ட் 5 மைக்றோகிராம். ஒன்றின் வில்லையை வைத்து மற்றதின் அட்டவணையில் வாசித்தால் முடிவு முழுவதும் பிழை. 30 மைக்றோகிராம் வில்லைக்கு ஏ.ரி.சி.சி 25922 இன் வளையம் 29 முதல் 35 மில்லிமீற்றருக்குள் விழ வேண்டும். விழாத நாளில் மற்ற எதையும் வாசிக்க வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி வில்லையே. ஈரம் பட்டால் கிளவுலானேற் முதலில் கெடும். பெட்டியைக் குளிரூட்டியிலிருந்து எடுத்தவுடன் திறந்தால் காற்றின் ஈரம் வில்லையில் படிகிறது. அறை வெப்பத்துக்கு வர ஒரு மணித்தியாலமாவது மூடியபடி விடுங்கள், ஈரமுறிஞ்சிப் பையை எறியாதீர்கள்.

7. சேமிப்பு

இறுதிச் செறிவு 20 சதவீத கிளிசரோல், மறை 80 பாகை, ஒவ்வொன்றும் இரண்டு குழாய், முடியுமானால் இரண்டு வெவ்வேறு இடங்களில். மறை 80 இல்லாத இடத்தில் மின்வெட்டோடு போராடும் மறை 20 பெட்டியை மட்டும் நம்பாமல், ஆழமாகக் குத்திய நியூட்ரியன்ற் ஏகார்க் குழாயை இறுக மூடி, மெழுகிட்டு, இருட்டில் அறை வெப்பத்தில் வையுங்கள். ஈ.கோலை அதில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். மீட்டெடுத்த பின் செஃபொடாக்சிம் எதிர்ப்பு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குழாய்க் குறியீடு எண்களாக இருக்கட்டும்: மாவட்டம், பிரிவு, வளவு, மாதிரி வகை, சுற்று, கொலனி. 3-02-017-1-2-1 என்பது போல. தமிழெழுத்தில் கோப்புப் பெயர் வைத்தால் வரிசைப்படுத்தல் மென்பொருள்கள் சில தடுமாறும். வளவு எண் 017 கிணற்றிலும் கோழியிலும் ஆளிலும் ஒன்றாக இருப்பதே இந்த ஆய்வின் உயிர்நாடி.

8. டி.என்.ஏயும் பி.சி.ஆரும்

குறித்த மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆருக்குக் கொதிக்கவைத்து டி.என்.ஏ எடுக்கும் முறை போதும். ஒரு வளையம் அளவு கொலனியை 200 மைக்றோலீற்றர் நீரில் கலந்து, 95 முதல் 100 பாகையில் 10 நிமிடம், உடனே ஐஸில், பிறகு 12,000 ஜீயில் 5 நிமிடம் சுழற்றி மேல்நீரை எடுங்கள். இதை மறை 20இல் சில கிழமைக்கு மேல் நம்ப வேண்டாம். வரிசைப்படுத்தலுக்குக் கட்டாயம் நிரல் (கொலம்) வழியாகத் தூய்மையாக்கும் முறை.

25 மைக்றோலீற்றர் கலவை: இருமடங்கு மாஸ்டர் மிக்ஸ் 12.5, 10 மைக்றோமோலர் முதன்மிகள் (பிரைமர்) ஒவ்வொன்றும் 0.5, டி.என்.ஏ 2, நீர் 9.5. சி.ரி.எக்ஸ்.-எம் பொதுவான முதன்மிகளுக்கு 94 பாகையில் 5 நிமிடம். பிறகு 94இல் 30 வினாடி, 60இல் 30 வினாடி, 72இல் 1 நிமிடம் என 30 சுற்று. முடிவில் 72இல் 10 நிமிடம். ஒட்டும் வெப்பத்தை உங்கள் முதன்மிக்கு ஏற்ப 55 முதல் 62 வரை ஓட்டிப் பார்த்து நிலைப்படுத்துங்கள். பிறகு 1.5 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டிப் பட்டையைப் பாருங்கள்.

நேர், எதிர்க் கட்டுப்பாடுகளோடு வெறும் நீர்க் குழாய் ஒன்றும், டி.என்.ஏ பிரித்தெடுப்பின் தொடக்கத்திலேயே மாதிரியில்லாமல் போட்ட வெற்றுக் குழாய் ஒன்றும் வேண்டும். நீர்க் குழாயில் பட்டை வந்தால் கலப்படம் கலவையில். வெற்றுக் குழாயில் மட்டும் வந்தால் பிரித்தெடுப்பில். பட்டையே வராத மாதிரிகளில், எல்லாப் பற்றீரியாவிலும் இருக்கும் 16எஸ் மரபணுவைப் பெருக்கிப் பாருங்கள். அதுவும் வராவிட்டால் ‘எதிர்ப்பு மரபணு இல்லை’ அல்ல, டி.என்.ஏ சரியில்லை. கலவை செய்யும் அறையும் ஜெல் ஓட்டும் அறையும் வேறாக இருக்க வேண்டும். இடமில்லாவிட்டால் மேசையும் பிப்பெற்றும் மேலங்கியுமாவது வேறு.

9. வரிசைப்படுத்தலும் வாசிப்பும்

எல்லாவற்றையும் வரிசைப்படுத்தத் தேவையில்லை. ஒரே வளவில் இரண்டு அல்லது மூன்று மூலங்களிலும் ஈ.எஸ்.பி.எல் கிடைத்த வளவுகளை முதலில் எடுங்கள், பின் ஒப்பீட்டுக்குத் தனித்த கிணறுகள் சில. அவற்றை விட்டால் ‘ஒரே வளவு என்பதால் ஒத்திருக்கின்றன’ என்பதற்கும் ‘ஊர் முழுக்க அதே வகைதான்’ என்பதற்கும் வித்தியாசம் காணவே முடியாது.

டி.என்.ஏ செறிவை ஒளிர்வு முறையில் அளவிடுங்கள். புற ஊதா உறிஞ்சல் முறை ஆர்.என்.ஏயையும் சேர்த்து எண்ணிக் கூடுதலாகச் சொல்லும். வெளியூருக்கு அனுப்புவதென்றால் உயிருள்ள பற்றீரியாவை விடத் தூய டி.என்.ஏயை அனுப்புவது பொதியிடலிலும் பாதுகாப்பிலும் பாதி வேலையைக் குறைக்கும். நாட்டுக்கு வெளியே போனால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் முன்கூட்டியே கையெழுத்தாக வேண்டும். தரவு யாருக்குச் சொந்தம், உள்ளூர் ஆய்வாளர் பெயர் எங்கே வரும் என்பதை அதில் எழுத்தில் வையுங்கள்.

ஈ.கோலையின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 50 இலட்சம் காரச்சோடி. 50 மடங்கு ஆழத்துக்கு 25 கோடி காரம் வேண்டும். தொகுத்த பின் முதலில் பார்க்க வேண்டியது நீளம். 46 முதல் 56 இலட்சத்துக்குள் இருந்தால் இயல்பு. 70 இலட்சத்துக்கு மேல் வந்தால் இரண்டு இனம் கலந்திருக்கிறது, தூய்மைப்படுத்தலுக்குத் திரும்புங்கள். பிறகு எஸ்.ரி எண்ணைத் தரும் ஏழு மரபணு வகைப்படுத்தல், ரெஸ்பைண்டர் என்ற மென்பொருளில் எதிர்ப்பு மரபணுக்கள், பிளாஸ்மிட்பைண்டரில் பிளாஸ்மிட் வகை. தென்னாசியாவில் அடிக்கடி வருவது சி.ரி.எக்ஸ்.-எம்-15. உலகெங்கும் பரவிய எஸ்.ரி.131 வழியும் வரலாம்.

இனி வாசிப்பு. கற்பனையாக 017ஆம் வளவின் கிணற்றிலும் வீட்டுத் தாயிடமும் எஸ்.ரி.131, சி.ரி.எக்ஸ்.-எம்-15 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘தாயிடமிருந்து கிணற்றுக்கு’ என்று எழுதத் தூண்டும். எஸ்.ரி.131 உலகம் முழுக்க இருக்கும் வகை, வகை ஒத்திருப்பது தொடர்பைக் காட்டாது. அதே வகைக்குள் உள்ள ஒரு தொகுதியை ஆதாரமாக வைத்து, வேறு பற்றீரியாவிலிருந்து வந்து சேர்ந்த மீள்சேர்க்கைப் பகுதிகளை நீக்கி, தனிக்கார மாற்றங்களை (ஒரே ஒரு காரம் மாறிய இடங்களை) எண்ண வேண்டும். ஈ.கோலை ஆண்டுக்கு மரபணுத்தொகுதிக்கு ஏறத்தாழ ஓரிரு மாற்றத்தையே சேர்க்கிறது. ஆகவே பத்துக்குள் என்றால் அண்மைக்காலத் தொடர்பு நம்பத்தக்கது, நூற்றுக்கணக்கில் என்றால் வகை ஒன்று என்பதைத் தவிர வேறு உறவில்லை. இடையில் வருவதை உள்ளபடியே எழுதுங்கள், கோடு கீறித் தள்ளாதீர்கள்.

அப்போதும் திசை தெரியாது. தாய் கிணற்று நீரைக் குடித்து வாங்கியிருக்கலாம், குழியிலிருந்து கிணற்றுக்குப் போயிருக்கலாம், மூன்றாவது மூலம் ஒன்று இரண்டுக்கும் கொடுத்திருக்கலாம். இங்கேதான் குறிப்புத்தாள் பேசும்: குழி மேட்டில் எட்டு மீற்றரில் இருக்கிறதா, கோடைச் சுற்றில் கிணறு சுத்தமாக இருந்து மாரியில் வந்ததா, அந்த வீட்டில் கிணற்று நீர் குடிப்பதே இல்லையா? குடிக்காத வீட்டில் கிணற்றிலிருந்து தாய்க்கு என்ற வழி மெலியும்.

மறுபுறம், கோழியில் ஒரு வகை, கிணற்றில் வேறு வகை, ஆனால் இரண்டிலும் ஒரே எதிர்ப்பு மரபணு என்றால் ‘தொடர்பில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். பிளாஸ்மிட் தாவியிருக்கலாம். குறுகிய துண்டு வாசிப்பில் பிளாஸ்மிட் முழுமையாகத் தொகுபடாது, ஐ.எஸ்.26 போன்ற மீளும் துண்டுகள் தொகுப்பை உடைக்கும். அப்படிப்பட்ட சோடிகளில் சிலவற்றை நீள்வாசிப்பு முறையில் திரும்பச் செய்து பிளாஸ்மிட்டை வட்டமாக மூடிய பிறகே ஒப்பிட வேண்டும். சி.ரி.எக்ஸ்.-எம்-15 நிறமூர்த்தத்தில் பதிந்திருக்கும் இனங்களும் உண்டு, அதுவும் அப்போதுதான் தெரியும்.

புள்ளிவிவரத்தில் ஒரே கிணற்றின் மூன்று கொலனியை மூன்று கிணறாக எண்ணிவிடாதீர்கள். கோடை-மாரி ஒப்பீட்டுக்கு, அதே கிணறுகள் என்பதால், சோடிக்குரிய மக்னெமார் சோதனை.

10. முடிவைத் திருப்பிக் கொடுத்தல்

எண்ணிக்கை முடிவு வந்த கிழமையிலேயே வீட்டுக்குச் சொல்லுங்கள், வரிசைப்படுத்தல் வரும்வரை பொறுக்க வேண்டாம். ‘உங்கட கிணத்தில மலக்கிருமி இருக்கு. குடிக்கிறதெண்டா நல்லாக் கொதிக்கவைச்சு ஆறவிட்டுக் குடியுங்கோ’ என்பது போதும். மருந்துக்குச் சாகாத கிருமியும் கொதிக்கவைத்தால் சாகும் என்று சேர்த்துச் சொன்னால் பயம் அடங்கும். கிணற்றுக்குக் குளோரின் இடும் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றின் கொள்ளளவைக் கணக்கிட்டுச் செய்வார். பெயர்ப்பட்டியலை அவரிடம் கொடுக்க வீட்டாரின் சம்மதம் படிவத்தில் தனியாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

வரிசைகளைப் பொதுத் தரவுத்தளத்தில் வைக்கும்போது அமைவிடத்தைத் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கமாகக் குறையுங்கள். அது ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் வட்டம். வன்னியில் வீடுகள் ஐதாக உள்ள கிராமங்களில் அதுவும் ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கலாம். அப்படியான இடத்தில் பிரதேசச் செயலகப் பிரிவின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாவித்த தட்டுகளும் சவ்வுகளும் 121 பாகையில் 30 நிமிடம் ஒட்டோகிளேவ் செய்யப்பட்ட பின்பே குப்பைக்குப் போக வேண்டும். மருந்தெதிர்ப்புள்ள வளர்ப்புகளைத் தொட்டியில் ஊற்றினால் ஆய்வுகூடத்தின் கழிவுக்குழியே அடுத்த மூலமாகும்.